மேற்கே மட்டும் கேட்ட மணி

அவர் திண்டிவனத்துக்காரர் என்று நினைவு. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி, மகள், மருமகன் என்று நாலு பேராக வந்திருந்தார்கள். நான் கைடாக இருந்த பங்களாவின் மொட்டைமாடியில் மணிக்கூண்டுக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, வழக்கமாகச் சொல்வதை நான் சொல்லி முடித்தேன். மருமகன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். மாமனார் மட்டும் கூண்டை ஒருமுறை சுற்றிவந்தார். கிழக்குச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, மூணு பக்கமும் சுவர் வெச்சு அடைச்சிருக்குது. மேற்கால மட்டும்தான் திறந்திருக்குது. அப்போ சுனாமி அன்னிக்குக் கடற்கரையில இருந்தவங்களுக்கு இந்த மணி எப்படிக் கேட்டுது?"

ஐந்து மாதமாக, நாளைக்கு நாலு தடவை அந்தக் கூண்டுக்கு முன்னால் நின்று பேசியவள் நான். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனாலும் வாத்தியார் வேலை பார்த்த வாய் சும்மா இருக்குமா? "அன்னிக்குக் காத்து அந்தப் பக்கமா அடிச்சிருக்கும் சார்" என்றேன்.

மணிக்குப் பக்கத்தில் கையில் துணியோடு கன்னியப்பன் நின்றிருந்தார். பங்களாவின் வாட்ச்மேன். பார்வையாளர்கள் வந்தால் அங்கே வந்து நிற்க வேண்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. அந்த இடத்தில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அன்று திறந்தார்.

"கேக்கலீங்க" என்றார்.

அவ்வளவுதான். துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

டீச்சர் கைடான கதை

நான் பாடம் நடத்திய டுடோரியல் மூடப்பட்ட கதையை இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "நீங்கள் எந்த வேலையிலாவது உருப்படியாக இருந்ததுண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் எழுதப்போகும் வேலையில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தேன். அதுதான் சிக்கலே.

சுனாமி வந்த மறுவருஷம் அது. மரக்காணத்துக்குப் பக்கத்தில் பழைய பங்களா ஒன்றைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடப்போகிறார்கள், கைடு வேண்டும், சரித்திரம் படித்தவராக இருந்தால் நல்லது என்று வானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான் சரித்திரத்தில் எம்.ஏ. அதை வைத்து என்ன செய்வது என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலாளி சங்கர் சார் சென்னையில் இருந்தார். சனிக்கிழமைதோறும் காரில் வருவார். பங்களாவைக் கட்டியவரின் கொள்ளுப்பேரன். நல்ல மனுஷன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையாவது தேடினால் கிடைக்கமாட்டார்கள். கடல் வந்தபோது கடற்கரைக் குப்பத்து ஜனங்களைத் தன் மாடி ஹாலில் நாற்பது நாள் தங்கவைத்துச் சோறு போட்டவர் அவர். தேக்குத் தரையில் அடுப்புக் கரி பட்ட தழும்புகள் நான் போனபோதும் இருந்தன. அதை இழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என்னை எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கைடு என்று கூப்பிட்டால் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்கும்.

கடலுக்கு முதுகு காட்டிய வீடு

பங்களாவுக்கு ஊரில் மணி பங்களா என்று பெயர். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் முதலில் உப்பளத் தொழிலாளர்களின் காலனி. அதைத் தாண்டினால் உப்பளம், பாத்தி பாத்தியாக. அதற்கப்புறம் பக்கிங்காம் கால்வாய், அதன்மேல் ஒரு குறுகின பாலம். பாலம் தாண்டி மணல்மேடு. மேட்டின் உச்சியில் வீடு. வீட்டுக்குப் பின்னால் மீனவர் குப்பம், குப்பத்துக்குப் பின்னால் கடல். இந்த வரிசையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"வீட்டுக்குப் பின்னால் கடல்" என்பதைக் கவனித்தீர்களா? வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இவ்வளவு செலவு செய்து கடலோரம் வீடு கட்டியவர் ஏன் கடலுக்கு முதுகைக் காட்டிக் கட்டினார்?

முகப்பு முழுக்க மேற்கே பார்த்தது. இரண்டு மாடி உயரத்துக்கு எட்டு உருண்டைத் தூண்கள். கருங்கல் என்று நினைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே செங்கல்தான். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்தரைத்த சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். கன்னத்தை வைத்தால் மே மாதத்திலும் ஜில்லென்று இருக்கும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மாடி ஹாலில் மேற்குப் பக்கம் மட்டும் பதினோரு ஜன்னல்கள், ஆளுயரத்துக்கு. கிழக்கே, கடல் பக்கம், இரண்டே இரண்டு. அவையும் உத்திரத்தை ஒட்டி, புறா நுழைகிற அளவுக்கு. குடும்பத்தார் எழுதிவைத்த காகிதத்தில், "அஸ்தமனத்தை ரசிப்பதற்காக இவ்வாறு அமைக்கப்பட்டது" என்று இருந்தது. கோடையில் நாலு மணிக்கு அந்த ஹாலில் நின்றவர்கள் யாரும் அதை நம்பமாட்டார்கள். முகம் வெந்துவிடும்.

எனக்கு விளங்கிவிட்டது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே. நடு ஜன்னலுக்கு எதிரில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தால் உப்பளத்தின் ஒவ்வொரு பாத்தியும் தெரிந்தது. யார் உப்பு வாருகிறாள், யார் நிமிர்ந்து நிற்கிறாள், யார் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள், அத்தனையும். வீட்டைக் கட்டியவருக்குக் கடலில் பார்க்க ஒன்றுமில்லை. அவருடைய சொத்து மேற்கே காய்ந்துகொண்டிருந்தது.

சங்கர் சாரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். "அஸ்தமனத்த வுட்டுடுங்க. இதையே சொல்லுங்க டீச்சர், இதுதான் நல்லா இருக்குது" என்றார். அந்தக் குடும்பத்தில் அவரைப் போல் ஒருவர் பிறந்தது ஆச்சரியம்தான்.

இரும்பு ஆகாத இடம்

கட்டியவரைப் பெரிய கான்ட்ராக்டர் என்பார்கள். வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்ட காலத்தில் உப்பளங்களைக் குத்தகை எடுத்தவர். உப்பை விற்றவர் என்பதைவிட, உப்பு என்ன செய்யும் என்று தெரிந்தவர் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

புதுச்சேரியிலிருந்து மேஸ்திரி வந்தபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, வீட்டில் இரும்பு கூடாது. கதவு கீல்கள் பித்தளை. உத்திரங்களை மர ஆப்பு அடித்துப் பிணைத்திருந்தார்கள். மொட்டைமாடி மெட்ராஸ் டெரஸ் என்கிற வகை. தேக்குக் கட்டைகளின்மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தலாக அடுக்கி, சுண்ணாம்பு போட்டு, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கிய தளம். அந்தப் பெண்களும் உப்பளத்திலிருந்து வந்தவர்கள்தான். மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாதே.

கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதனால் மாடியில் விழுந்த மழை முழுவதும் சுவருக்குள் வைத்த மண்குழாய் வழியாக இறங்கி, முற்றத்துக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். அதன் மூடியைத் திறந்து காட்டுவேன். பார்வையாளர்கள் எட்டிப் பார்த்து "ஹோ" என்று கத்துவார்கள், எதிரொலி கேட்க. எல்லாரும் கத்துவார்கள். ஒரு தடவை ஒரு கலெக்டர் ஆபீஸ் அதிகாரிகூடக் கத்தினார்.

இவ்வளவு செய்தும் கான்ட்ராக்டர் தோற்ற இடம் ஒன்று உண்டு. கீழ்ச்சுவர். இடுப்பு உயரத்துக்கு வருஷாவருஷம் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சங்கர் சாரின் அப்பா அதைச் சகிக்காமல் ஒரு தரம் சிமெண்ட் பூசிவிட்டார். ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே ஏறி, கழுத்து உயரத்துக்குப் போய் அங்கே உதிர்ந்தது. பழையபடி சுண்ணாம்புக்கே திரும்பினார்கள்.

மணியின் சட்டம்

மொட்டைமாடியின் நடுவில் மணிக்கூண்டு. உள்ளே கப்பல் மணி ஒன்று, புதுச்சேரியில் ஏலத்தில் எடுத்தது. மேலே பொறித்திருந்த கப்பலின் பெயர் தேய்ந்துபோய் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.

உப்புக்கு மழை ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின்மேல் கீற்றுப் போட்டு மூடியிருப்பார்கள். லாரியில் ஏற்றுவதற்காகக் கீற்றைப் பிரித்திருக்கும் நேரத்தில் மழை வந்துவிட்டால் போச்சு. இந்தக் கரையில் மழை பெரும்பாலும் கடலிலிருந்து வரும். தரையில் நிற்பவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் மாடியில் நிற்பவருக்குத் தெரியும். அதற்குத்தான் மணி.

விட்டுவிட்டு அடித்தால் மேகம் திரள்கிறது. நெருக்கி அடித்தால் மழை கிட்டே வந்துவிட்டது. மணி கேட்டதும் காலனியில் இருக்கிற பெண்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அம்பாரத்துக்கு ஓட வேண்டும். பிந்தி வந்தவளை மறுநாள் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். வானம் வெளுத்திருக்கிறதே என்று அண்ணாந்து பார்த்து நின்றவளும் பிந்தி வந்தவள்தான்.

கான்ட்ராக்டர் போய், அவர் மகன் போய், அளம் கைமாறிச் சின்னச் சின்னக் குத்தகையாகிவிட்டது. பிந்தினால் வேலையில்லை என்ற சட்டமும் போய்விட்டது. ஓட்டம் மட்டும் போகவில்லை. மணி கேட்டால் வானத்தைப் பார்க்காமல் ஓடுவது அந்தக் காலனியின் கால்களுக்குப் பழகிவிட்டது. பங்களாவில் வாட்ச்மேனாக இருந்தவர்கள் மழை கண்டால் மணி அடிப்பதும் நிற்கவில்லை. யாரும் அடிக்கச் சொல்லவுமில்லை, நிறுத்தச் சொல்லவுமில்லை.

கடல் காற்று பட்டால் கயிறு இற்றுப்போகும் என்று கூண்டுக்கு மூன்று பக்கமும் சுவர் வைத்துவிட்டார் மேஸ்திரி. ஓசை போக வேண்டியது மேற்கே மட்டும்தானே. சுவரில் மோதித் திரும்பும் ஓசையும் மேற்கே போய்ச் சேரும். "ஒலியைத் திருப்பிவிடும் கட்டடக்கலை" என்று நான் இதற்கு ஒரு பெயரே வைத்திருந்தேன். பார்வையாளர்கள் தலையாட்டுவார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, நாலடி நகர்ந்து, அடுத்த பலகைக்கு முன்னால் நிற்பேன். நானே எழுதிய பலகை. "கடல் பொங்கிய நாளில், காவலர் கன்னியப்பன் அடித்த இந்த மணியின் ஓசை கேட்டுக் கடற்கரைக் குப்பத்து மக்கள் மேட்டுக்கு ஓடிவந்து உயிர் தப்பினர்." கன்னியப்பனைக் காட்டுவேன். கைகுலுக்குவார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

மணி மேற்கே மட்டும்தான் கேட்கும் என்று சொன்ன அதே வாயால், அது கிழக்கே கேட்டது என்றும் சொல்லிவந்திருக்கிறேன். நடுவில் நாலடி தூரம். எம்.ஏ. படித்த மூளைக்கு அந்த நாலடியைத் தாண்ட ஐந்து மாதம் போதவில்லை. ரயில்வேக்காரர் ஒருவர் வர வேண்டியிருந்தது.

யாருக்குக் கேட்டது

அவர்கள் போன பிறகு கன்னியப்பனைத் தேடிப் போனேன். தொட்டி மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அணைத்துவிட்டார்.

"குப்பத்து ஜனம் கடலக் கண்ணால பாத்துதான் ஓடியாந்துச்சு டீச்சர். அவங்களுக்கு நானா சொல்லணும்? நான் அடிச்சது அவங்களுக்காகத்தான். ஆனா கேட்டது அவங்களுக்கு இல்ல."

"அப்போ யாருக்குக் கேட்டுது?"

"காலனிக்கு."

அதற்கு மேல் அவர் சொன்னதை நான் சுருக்கித்தான் எழுத முடியும். அவரே சுருக்கித்தான் சொன்னார். அன்று காலை மாடி பெருக்கப் போயிருந்தார். கடல் எழுந்து வருவதைப் பார்த்தார். கைக்குக் கிடைத்தது மணிக்கயிறு. அந்த வாரம் லாரி ஏற்றுவதற்காக ஒரு அம்பாரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். காலனியில் வீட்டோடு இருந்த பெண்கள் மணியைக் கேட்டார்கள். வானம் பளிச்சென்று இருந்தது. ஒருத்தியும் அண்ணாந்து பார்க்கவில்லை. கீற்றும் கையுமாக அம்பாரத்துக்கு ஓடினார்கள். அம்பாரம் கால்வாய்க் கரையில். கடல் முகத்துவாரம் வழியாகப் புகுந்து கால்வாயில் ஏறி வந்தது.

"வீட்லயே இருந்திருந்தா ஒருத்திக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. ரோடு வரைக்கும் தண்ணி போவல. செல்வின்னு ஒரு பொண்ணு. அளத்துல வேல பாக்கற மங்கையோட தங்கச்சி. இருவது வயசுகூட இல்ல."

அளத்தில் ஒரு பெண் தண்ணீரில் போனது எனக்குத் தெரியும். சங்கர் சாருக்கும் தெரியும். அதையும் மணியையும் நாங்கள் இருவருமே சேர்த்துப் பார்க்கவில்லை. சுனாமி அன்று விஷயம் கேட்டு சங்கர் சார் சென்னையிலிருந்து போன் போட்டபோது, "மணி அடிச்சேன் முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு கன்னியப்பன் அழுதாராம். மீதியை சார் தானே நிரப்பிக்கொண்டார். மேட்டில் குப்பத்து ஜனம் முழுவதும் உயிரோடு நின்றதே, வேறு என்ன நினைப்பார்?

"அடுத்த வாரம் ஃபங்ஷன் வெச்சிருக்காங்களே டீச்சர்" என்றார் கன்னியப்பன். "காலனி ஜனத்தையும் கூப்பிட்டிருக்காங்க. அவங்க முன்னால எனக்குப் பொன்னாட போட்டா நான் எப்படி நிப்பேன்? வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லுவீங்களா? நான் சொன்னா கூச்சப்படறேன்னு நெனைக்கறாரு."

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு சார் ஏற்பாடு செய்திருந்த கூட்டம் அது. அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. "உயிர் காத்த மணியோசை" என்று அதற்குத் தலைப்புப் போட்டவளும் நான்தான்.

போன் போட்டேன். "சார், கன்னியப்பன் பொன்னாடை வேண்டாம்கிறார்" என்றேன். "அவன் அப்படித்தான் சொல்வான். விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தார். காரணத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், என் பலகை தப்பு என்று என் வாயால் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மங்கை மாடிக்கு வந்தாள்

விழா அன்று முன்வாசலில் பந்தல். நாற்காலிகள். மைக் செட். காலனியிலிருந்து முப்பது பேர் போல வந்தார்கள். அந்த வீட்டு மணிக்கு மூன்று தலைமுறையாக ஓடியவர்கள், முன்வாசல் வழியாக அன்றுதான் முதல் தடவை நுழைந்தார்கள். செருப்பைத் தூணுக்கு வெளியே கழற்றிவிட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும். உள்ளங்கால் வெடித்து, விரல் இடுக்குகள் வெளுத்திருந்தன. அளத்தில் நிற்கிறவர்களுக்கு அப்படி இருக்கும்.

"நீங்கதான் டீச்சரம்மாவா? மேல போய்ப் பாக்கலாமா?"

"பேர் என்னம்மா?"

"மங்கை."

கூட்டிக்கொண்டு போனேன். பழக்க தோஷத்தில் படியில் ஏறும்போதே, "இது பர்மா தேக்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் கைப்பிடியைத் தொடவில்லை. ஹாலில் பதினோரு ஜன்னலையும் காட்டினேன். நிற்கவில்லை. "இன்னும் மேல" என்றாள்.

மாடியில் கன்னியப்பன் இருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார், முதலாளி வாங்கிக் கொடுத்தது. மங்கையைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்றார். இருவரும் நேருக்கு நேர் பார்த்து ஒரு வருஷமாகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர் காலனிப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார்.

மங்கை கூண்டுக்கு முன்னால் போய் நின்று மேற்கே பார்த்தாள். மழைத் தண்ணீர் தேங்கின பாத்திகள், பாலம், கால்வாய்க் கரை. கரையில் மூடின அம்பாரங்கள் நாலு. அதற்கு அப்பால் காலனியின் கூரைகள். எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தன. அப்படித் தெரிய வேண்டும் என்றுதானே கட்டினார்கள்.

"கன்னியப்பண்ணா" என்றாள், திரும்பாமலே. "நாங்க ஓடியாந்தது இங்கேருந்து தெரிஞ்சுதா?"

கீழே மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சரிபார்த்தார்கள்.

"தெரிஞ்சுதும்மா."

"எந்த இடத்துல பாத்த?"

"காலனிய வுட்டு வரப்புல எறங்கறப்பவே பாத்துட்டேன்."

"அப்ப நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"திரும்பிப் போங்கடின்னு கத்துனேன். கேக்கல. கையக் காட்டுனேன். யாரும் மேல பாக்கல. எனக்கு இன்னா செய்யறதுன்னு தெரியல. நிமிந்து பாக்கட்டும்னு வேகமா அடிச்சேன். நிறுத்தாம அடிச்சேன். அடிக்க அடிக்க நீங்க..."

மங்கை இப்போது திரும்பினாள்.

"ஆமா. மழ வந்துட்டுதுன்னு நெனச்சோம். அதுவரைக்கும் செல்வி எனக்குப் பின்னாலதான் வந்தா. நீ வேகமா அடிச்சப்புறம்தான் என்னத் தாண்டி ஓடுனா."

சொல்லிவிட்டு அவள் அழுதாளா என்றால் இல்லை. கோபமும் இல்லை. ஒரு வருஷமாக மனதில் கிடந்த கணக்கு ஒன்று நேரானதுபோல் நின்றாள். கன்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று தோன்றியது.

கீழே சங்கர் சார் மைக்கில் கன்னியப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். மங்கை என்னைப் பார்த்து, "அவரு வரமாட்டாருன்னு போய்ச் சொல்லுங்க டீச்சரம்மா" என்றாள். பிறகு கன்னியப்பனுக்குப் பக்கத்தில் அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

பலகை மாறியது

கீழே போய் சாரைத் தனியாக அழைத்து, தூணுக்குப் பின்னால் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் முன்னால் போனில் சொல்லியிருக்க வேண்டியதை. கையில் பொன்னாடையைப் பிடித்தபடியே கேட்டார். பிறகு அதை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். மைக்குக்குப் போய், கன்னியப்பனுக்கு உடம்பு சரியில்லை என்றும் எல்லாரும் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்போம் என்றும் சொன்னார். சுற்றுவட்டாரக் குப்பங்களில் இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார். செல்வியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியாக, காகிதத்தைப் பார்க்காமல், அதையும் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு மாடிக்குப் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார். "தினமும் அவன அங்க நிக்க வெச்சு எல்லாருக்கும் கைகொடுக்கச் சொல்லியிருக்கேனே டீச்சர்" என்றார். பலகையை அன்றே கழற்றச் சொன்னார். மணி இருக்கும் பக்கம் இனிமேல் பார்வையாளர்களைக் கூட்டிப் போக வேண்டாம் என்றார்.

அதற்குக் கன்னியப்பன்தான் சம்மதிக்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் துணியோடு மாடியில் நின்றார்.

"நடந்தத சொல்லுங்க டீச்சர். நடக்காதத சொன்னப்பதான் கஷ்டமா இருந்துது. வேகமா அடிச்சேன்னு சொல்லுங்க. அத வுட்டுடாதீங்க."

சொன்னேன். அந்த வேலையில் இருந்த மிச்ச காலம் முழுவதும், நாளைக்கு நாலு தடவை. கூண்டுக்கு மூன்று பக்கம் சுவர் இருப்பதையும், அதனால் மணி யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்பதையும், செல்வியின் பெயரையும். சிலர் கன்னியப்பனைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவார்கள். சிலர் முன்பைவிட அழுத்தமாகக் கைகொடுப்பார்கள். அவர் இப்போது தலையைக் குனிவதில்லை.

ஒன்றை மட்டும் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. செல்வி தன் அக்காவைத் தாண்டி ஓடியதை. கன்னியப்பன் பக்கத்தில் நிற்கும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாசியில் கன்னியப்பன் காலமாகிவிட்டார். இதை எழுதலாமா என்று மங்கைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"எழுதுங்க டீச்சரம்மா" என்றாள். "என் தங்கச்சி நல்லா ஓடுவா. காலனியில அவளத் தாண்டி ஓட ஆளே கெடையாது. அதையும் சேத்து எழுதுங்க."